அட்டைக்காக அந்த வானத்தை வெட்டாதீர்கள்

பேய்க்கதை, மர்மக்கதை நூல்களுக்கு அட்டை வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு பேய்க்கதைத் தொகுப்பு வாங்கினேன். அட்டையில் ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷின் 'ஓக் காட்டில் மடாலயம்' ஓவியம். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, ஆனால் மனசு கேட்கவில்லை. மேலே இருந்த வானத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கருநீலமாக்கி, இடிந்த சன்னலில் இரண்டு சிவப்புக் கண்களை ஒட்டியிருந்தார்கள். ஓவியர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஃப்ரீட்ரிஷ் 1840-இல் இறந்தவர். உரிமைச் சிக்கல் எதுவும் கிடையாது, யாரும் பயன்படுத்தலாம். சரி. ஆனால் அந்தப் படத்தில் பேய் இல்லையே!

அது ஒரு நல்லடக்கம். பனி மூடிய தரை, சாய்ந்து நிற்கும் சிலுவைகள். துறவிகள் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடிந்த வாசலை நோக்கிப் போகிறார்கள். வாசலில் ஒரு சிலுவை, பக்கத்தில் இரண்டு சின்ன விளக்குகள். முன்னால் புதிதாக வெட்டிய குழி திறந்தே கிடக்கிறது. நன்றாகப் பாருங்கள், அவர்கள் குழியைத் தாண்டிப் போய்விட்டார்கள். பெட்டி போவது அந்த விளக்குகளை நோக்கி. இருட்டெல்லாம் கீழேதான். மேலே மொட்டை மரங்களுக்குப் பின்னால் வானம் வெளுத்துக் கிடக்கிறது, நகக்கீறல் மாதிரி ஒரு பிறை. 2016-இல் முடிந்த சீரமைப்பில் பழைய வார்னிஷையும் பிறர் பூசிய வண்ணத்தையும் நீக்கினார்கள். அவ்வளவு பாடுபட்டு மீட்ட வெளிச்சத்தைத்தான் நீங்கள் ஒரு நொடியில் கருப்பாக்குகிறீர்கள்.

இடிபாடும் கற்பனையல்ல. பால்டிக் கடலோரம், ஃப்ரீட்ரிஷ் பிறந்த கிரைஃப்ஸ்வால்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எல்டெனா மடாலயம் அது. 1199-இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் நிறுவியது, 1535-இல் மூடப்பட்டது. அப்புறம் அதன் செங்கற்களைக் கோட்டை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுற்றியுள்ள கல்லறைகளும் ஓக் மரங்களும் மட்டும் அவராகச் சேர்த்தவை. சின்ன வயதிலேயே அம்மாவையும் 13 வயதில், நீரில் மூழ்கிய தம்பியையும் இழந்தவர் அவர். பயமுறுத்துவதற்காக அவர் இதை வரைந்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

1810-இல் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சியில் இதைப் பார்த்த பிரஷ்ய இளவரசனுக்கு 15 வயது. அவன் ஆசைப்பட்டுத்தான் அவன் அப்பா, அரசர் மூன்றாம் ஃப்ரெடரிக் வில்லியம், இதை வாங்கினார். அந்த ஜூலையில்தான் பையனின் அம்மா, அரசி லூயிஸ், இறந்திருந்தார். அம்மா இறந்து சில மாதமே ஆன பிள்ளை 'இது வேண்டும்' என்று கேட்ட படம் இது.

பெர்லினின் பழைய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் மூல ஓவியம் 171 செ.மீ. அகலம், 110 செ.மீ. உயரம். நெட்டையான அட்டைக்குள் அடங்காதுதான். அப்படியானால் முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை விரித்துப் போடுங்கள். நிறத்தைத் தொடாதீர்கள். பின்பக்கம் ஒரு வரியில் ஃப்ரீட்ரிஷ் பெயரைப் போடுங்கள். சிவப்புக் கண்தான் வேண்டுமென்றால், அதற்கு வேறு படம் வரையச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்