இன்சென்டிவ் ஷீட் போட்டவள் எழுதுவது

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ரெப் வேலையில நாலு வருஷம் வீணாப் போச்சாம்மா?" என்று கேட்டாய். "அதெல்லாம் இல்லடா" என்று சொல்லிவிட்டு அப்பாவின் முட்டிவலிப் பேச்சுக்குத் தாவிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நம் வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது. 22 வருடம் ஒரு மருந்துக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து, உன்னைப் போல டாக்டர்களைத் தேடிப் போய் மருந்தை எடுத்துச் சொல்லும் ரெப்புகளுக்கு இன்சென்டிவ், அதாவது விற்பனைக்கேற்ற ஊக்கத்தொகை, கணக்குப் போட்டவள் நான். எந்த டிவிஷனுக்கு எவ்வளவு என்று வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தொகையைச் சொல்லாமல் கணக்கின் வழியை மட்டும் சொன்னால் அந்தக் கையெழுத்துக்குப் பங்கம் வராது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

உன்னோடு அதே மாதம் சேர்ந்த உன் நண்பன் ஆன்காலஜியில், புற்றுநோய் மருந்துப் பிரிவில், உன்னைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்குகிறான். நீ பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு அலைகிறாய். ஒரு நாளைக்கு நீ பத்து டாக்டரைப் பார்க்கிறாய், அவன் இரண்டு பேரைப் பார்த்தால் பெரிது. உன் ஆத்திரம் புரிகிறது. ஆனால் நீ சம்பளத்தை உழைப்பால் வகுத்துப் பார்க்கிறாய். அந்தக் கணக்கை எந்தக் கம்பெனியும் போட்டு நான் பார்த்ததில்லை.

நாங்கள் போட்ட கணக்கு வேறு. ஒரு டாக்டர் நம் மருந்தை எழுத ஆரம்பித்தால் வருடத்துக்கு எவ்வளவு பணம் உள்ளே வரும்? அவர் எழுதியதற்கு ரெப் எந்த அளவுக்குக் காரணம்? இந்த ரெப் கிளம்பிவிட்டால் அந்த இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்க எத்தனை மாதம் ஆகும்? இவ்வளவுதான்.

முதல் கேள்வியிலேயே உன் பக்கம் அடிபட்டுவிடும். பேட்டன்ட் முடிந்து மற்ற கம்பெனிகளும் மலிவாகச் செய்யும் ஜெனரிக் வந்துவிட்ட ஒரு பிரஷர் மாத்திரையை ஒரு நோயாளி வருடம் முழுக்கச் சாப்பிட ஆகும் செலவை 1 என்று வைத்துக்கொள். பேட்டன்ட் உள்ள ஒரு புற்றுநோய் மருந்துக்கு அதே ஒரு வருடத்துக்குப் பல நூறு ஆகும். உன் நண்பன் மூன்று மாதத்தில் நாலு புது நோயாளிகள் அந்த மருந்துக்கு வர வழி செய்தால், நீ உனக்கு ஒதுக்கிய டெரிட்டரியையே புரட்டிப் போட்டுக் கொண்டுவரும் வளர்ச்சிக்கு அது சமம். இதில் உன் தவறும் இல்லை, அவன் கெட்டிக்காரத்தனமும் இல்லை. விலையை நிர்ணயித்த அறையில் நீங்கள் இருவருமே இல்லை.

இரண்டாவது கேள்வியில் உனக்குத்தான் மதிப்பெண் அதிகம் விழ வேண்டும். ஏழெட்டு பிராண்ட் ஒரே மாதிரி இருக்கும்போது டாக்டர் கைக்கு எந்தப் பெயர் முதலில் வருகிறது என்பதில் ரெப்புக்கு உண்மையிலேயே பங்கு உண்டு. ஆன்காலஜியில் அப்படி இல்லை. சிகிச்சை வழிகாட்டி நெறி ஒன்று இருக்கிறது, பல துறை டாக்டர்கள் சேர்ந்த டியூமர் போர்டு கூடி முடிவு செய்கிறது, ஆஸ்பத்திரியின் மருந்துப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், பணம் கட்டுகிறவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனையும் தாண்டிய பிறகுதான் ரெப்பின் பேச்சு. அப்புறம் ஏன் அவனுக்கு அதிகம்? மூன்றாவது கேள்வி. மருந்து ஆபத்தை எவ்வளவு குறைக்கிறது என்று சோதனையில் காட்டும் ஹசார்டு ரேஷியோ என்றால் என்ன, எந்த மரபணு மாற்றம் இருந்தால் மருந்து வேலை செய்யும், எந்தப் பக்கவிளைவைக் கண்டதும் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் டாக்டர் குறுக்குக் கேள்வி கேட்டால் தடுமாறாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்கிறவரை அடுத்த கம்பெனிக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி திறமைக்கு, ஒரு பகுதி போய்விடாதே என்று கட்டிப்போட.

பத்திரிகையில் படித்திருப்பாய். ஜிஎஸ்கே என்ற பெரிய பிரிட்டிஷ் மருந்துக் கம்பெனி 2013 டிசம்பரில், இனி ரெப்புகளுக்குத் தனிப்பட்ட விற்பனை இலக்கை வைத்துப் பணம் கொடுக்கப்போவதில்லை என்று அறிவித்தது. டாக்டர் எழுதும் சீட்டுக்கும் ரெப்பின் பைக்கும் நேர்க்கோடு இருக்கக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். எங்கள் செக்‌ஷனில் அன்று, நமக்கு வேலையே போய்விடும் போலிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டோம். 2019இல் அதே கம்பெனி சில நாடுகளில் விற்பனையோடு சேர்ந்த ஊக்கத்தொகையைத் திரும்பக் கொண்டுவந்தது. யாருக்கு? புற்றுநோய் மாதிரி சிறப்பு மருத்துவர்கள் மட்டும் எழுதும் ஸ்பெஷாலிட்டி மருந்து விற்கிறவர்களுக்கு. ஆன்காலஜிக்கு நல்ல ஆட்களை இழுக்க வேறு வழி தெரியவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ ஆன்காலஜிக்குத்தான் போகணும்" என்று எழுந்துவிடாதே. நான் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது. எங்கள் ஷீட்டில் பணம் எந்த நோய்ப் பிரிவு என்று பார்த்துப் போனதே இல்லை. மருந்துக்குப் போனது, அதுவும் அந்த மருந்தின் வயதைப் பார்த்துப் போனது.

ஒரு காலத்தில் உன் வகை ரெப்தான் ராஜா. லிபிட்டார் கொலஸ்ட்ரால் மாத்திரைதானே? 2006இல் அது ஒன்று மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 1300 கோடி டாலருக்கு விற்றது. அப்போது பெரிய பெரிய படைகளாக ரெப்புகளை வைத்திருந்தார்கள், ஆன்காலஜி ஒரு ஓரமாக இருந்தது. ஆனால் அந்த 2006 கடைசியிலேயே லிபிட்டாரை விற்ற ஃபைசர் கம்பெனி அமெரிக்காவில் தன் விற்பனை ஆட்களில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பதாகச் சொல்லிவிட்டது. 2011 நவம்பரில் அங்கே ஜெனரிக் வந்தது. இதய நோயும் குறையவில்லை, டாக்டர்களும் குறையவில்லை. மருந்துக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று உண்டு, இது இன்னும் விசித்திரம். 2013 டிசம்பரில் சோவால்டி வந்தது. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோயைக் குணப்படுத்தும் மாத்திரை. அமெரிக்காவில் ஒரு மாத்திரைக்கு 1000 டாலர் விலை வைத்தார்கள், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000. அந்த நேரத்தில் கல்லீரல் பக்கம் இருந்த ரெப்புகளைப் பார்த்துப் பொறாமைப்படாதவர் இல்லை. அதை விற்ற கிலியட் கம்பெனியின் ஹெபடைடிஸ் சி மருந்து விற்பனை 2015இல் சுமார் 1900 கோடி டாலர், 2018இல் 400 கோடிக்கும் கீழே. போட்டி மருந்து வந்து விலை இறங்கியது ஒரு காரணம். இன்னொரு காரணம், குணமானவர் திரும்பி வருவதில்லை. நல்ல மருந்தாக இருந்ததே அந்த ரெப்புகளுக்கு வினையாயிற்று!

ஆன்டிபயாட்டிக் பக்கம் போனால் இதைவிடக் கொடுமை. எதற்கும் மசியாத கிருமிக்குப் புது மருந்து கண்டுபிடித்தால் அதைப் பத்திரமாகப் பூட்டி வை, கடைசி ஆயுதமாக மட்டும் எடு என்பதுதான் மருத்துவ நியாயம். உலக சுகாதார நிறுவனமே 2017இலிருந்து அப்படிப்பட்டவற்றை ரிசர்வ் என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. விற்காமல் இருப்பதே சரியான பயன்பாடு என்றால் ரெப்புக்கு என்ன டார்கெட் வைப்பது? பிளாசோமைசின் என்ற மருந்துக்கு 2018 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைக் கொண்டுவந்த அக்கேயோஜென் கம்பெனி 2019 ஏப்ரலில் திவால் மனு போட்டது. தேவைக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்.

சரி, எங்கள் ஆபீஸ் கதை ஒன்று. நீ அப்போது பள்ளிக்கூடம். அபூர்வ நோய் ஒன்றுக்கு எங்களிடம் ஒரு ஊசி மருந்து இருந்தது. அமெரிக்கச் சட்டம் இரண்டு லட்சம் பேருக்குக் குறைவாக வரும் நோயை அபூர்வ நோய் என்கிறது, ஐரோப்பாவில் பத்தாயிரத்தில் ஐந்து பேருக்கு மேல் போகக்கூடாது. எங்களுடையது அதைவிடவெல்லாம் சின்னது. ஒரு ரெப்பின் டெரிட்டரி முழுக்க ஒன்பது நோயாளிகள். டிவிஷனிலேயே அதிகச் சம்பளம் அவர்களுக்குத்தான், எல்லோரும் அங்கே போகத் துடிப்பார்கள். ஒரு காலாண்டில் ஒருவருடைய எண் திடீரென்று விழுந்திருந்தது. ஒன்பது எட்டாகியிருந்தது. தப்பு என்ட்ரி என்று நினைத்து அவருக்குப் போன் செய்தேன். "மேடம், அந்தக் குழந்தை போயிடுச்சு" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவரே தயங்கித் தயங்கி, "டார்கெட்டை மட்டும் குறைச்சுக் கொடுக்க முடியுமான்னு பாருங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வீட்டுக் கடன் ஷீட்டின் அந்தக் கட்டத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் விதியில் அதற்கு ஒரு பத்தியே இருந்தது, நோயாளி இறந்தால் அந்த எண்ணை டார்கெட்டிலிருந்து கழிக்கலாம் என்று. கழித்தேன். காரணம் எழுத ஒரு கட்டம், கொடுத்திருந்த பட்டியலிலிருந்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

உன் மாத்திரையில் இது இல்லை. உனக்கு ஆயிரக்கணக்கான நோயாளிகள், யார் பெயரும் உன் ஷீட்டில் தெரியாது. அதிகச் சம்பளம் வரும் இடங்களில் எண்ணிக்கை சுருங்கும், சுருங்கச் சுருங்க ஒவ்வொரு எண்ணுக்கும் முகம் வந்துவிடும். உன் சுபாவத்துக்கு அது ஒத்துவருமா என்று நீதான் பார்க்க வேண்டும். உன் நண்பன் இதைப் பற்றி உன்னிடம் பேசியிருக்கிறானா?

அவன் வாங்கும் தொகையைப் பற்றியும் ஒன்று. அது அவன் மருந்து லாஞ்ச் ஆன, அதாவது முதன்முதலாகச் சந்தைக்கு வந்த, வருடம் என்றாய். லாஞ்ச் வருடத்தில் எவ்வளவு விற்கும் என்று எங்களுக்கே தெரியாது, குத்துமதிப்பாகத்தான் டார்கெட் வைப்போம். குறைத்து வைத்துவிட்டால் ரெப்புக்கு மழை. அடுத்த வருடம் அந்த மழையையே அளவாக வைத்து டார்கெட்டை உயர்த்துவோம். இதைச் செய்தவளே நான்தான், அதனால் நம்பு. அவனுடைய இரண்டாம் வருடத்தைப் பார்த்துவிட்டுப் பொறாமைப்படு.

இப்போது உனக்கு வந்திருக்கும் ஆஃபருக்கு வருகிறேன். அவர்கள் சொல்லும் தொகை, நூறு சதவீதம் டார்கெட் அடித்தால் கிடைப்பது. அதில் நிச்சயம் எவ்வளவு, விற்றால் வருவது எவ்வளவு என்று பிரித்துக் கேள். 70க்கு 30 மாதிரி இருந்தால் வழக்கமானது. விற்றால் வருவது அதற்கு மேல் ஏற ஏற உன் வாடகையை எதிலிருந்து கட்டுவாய் என்று யோசி. (மருத்துவக் கருவிகள் விற்று ஆபரேஷன் தியேட்டருக்குள் நிற்கும் டிவைஸ் ஆட்களுக்கு அந்தப் பங்கு பெரியது. அவர்கள் வேலையே வேறு, அதோடு ஒப்பிடாதே.) எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் பூஜ்யம், எவ்வளவுக்கு மேல் போனால் கொடுக்க மாட்டார்கள், இரண்டையும் கேள். கடந்த நாலு காலாண்டில் அந்த டெரிட்டரியில் இருந்தவருக்குக் கையில் என்ன வந்தது என்று கேள். சொல்லத் தயங்கினால் அதுவே பதில். அவர் ஏன் போனார் என்பதை அவரிடமே கேட்டுவிடு.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த மருந்துக்கு இன்னும் எத்தனை வருடம் பேட்டன்ட், போட்டி மருந்து எதுவும் கடைசிக் கட்டச் சோதனையில் இருக்கிறதா என்று பார். இரண்டு வருடத்தில் முடிகிற மருந்துக்கு ஆன்காலஜி என்ற பெயருக்காகப் போகாதே. உன் பக்கமே கூட எழுந்து வரலாம். சுகர் மருந்து வகையைச் சேர்ந்த வெகோவிக்கு, எடை குறைப்புக்காக 2021 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு, சாதாரண டாக்டர்களைப் பார்க்கும் ரெப்புகளைக் கம்பெனிகள் மறுபடி தேட ஆரம்பித்தன. சுகர் மருந்து தெரிந்தவன் நீ, அதை மறந்துவிடாதே.

போகாதே என்று நான் சொல்லவில்லை. படிக்கப் பிடித்திருந்தால் போ, உனக்குப் படிப்பு வரும். அவன் சம்பளத்தைப் பார்த்துவிட்டு மட்டும் போகாதே.

அப்பாவுக்கு முட்டி பரவாயில்லை. அந்த ஆஃபரின் இன்சென்டிவ் பிளான் டாக்குமென்ட் கையில் கிடைத்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. முதல் பக்கத்தில் இருக்கும் பெரிய எண்கள் எனக்கு வேண்டாம், கடைசி இரண்டு பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், அதை அனுப்பு. கண்ணாடியை மாற்றியிருக்கிறேன், படித்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா