செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25 (கஞ்சிக்கோடு)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வாளையார் முதல் கொழிஞ்சாம்பாறை வரையிலிருந்து இன்றைய பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் தமிழ் ஊழியர்களுக்கென நடக்கும் நம் சங்கத்தின், 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஓராண்டுக்கான அறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. பெருமழையால் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. சங்க அறையின் கூரை ஓடுகள் மாற்றப்பட்டன. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வழக்கம்போல நோட்டுப் புத்தகங்கள் வழங்கினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. ஆண்டின் கடைசி மூன்று மாதங்களை முழுதாக எடுத்துக்கொண்ட ஒரு பொருளைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையிடத்தில் ஒரு பிரிவினர் தமக்கென்று ஒரு வட்டமாகக் கூடலாமா, கூடினால் மற்றவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதே அது.

பிப்ரவரி மாதக் கூட்டத்துக்கு, தினமும் மெமு ரயிலில் கோவைக்குச் சென்று வேலை பார்க்கும் நம் சகோதரி ஒருவர் வந்திருந்தார். அவர் பணிபுரிவது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கிளை அலுவலகம். அங்கே பெண் ஊழியர்களுக்கு ஒரு வட்டமும் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு ஒரு வட்டமும் சில ஆண்டுகளாக இருந்தன. இரண்டாவதற்கு அவரே ஒருங்கிணைப்பாளர். ஒரு மாலை ஷிப்ட் முடிகிற நேரத்தில், தலைமையகத்தின் மறுபரிசீலனை முடியும்வரை எல்லா வட்டங்களும் நிறுத்திவைக்கப்படுவதாக நான்கு வரி மின்னஞ்சல் வந்தது. மறுநாள் வட்டத்தின் பக்கமும் இல்லை, அதற்கென ஒதுக்கிய சிறு தொகையும் இல்லை. நம்மிடம் அவர் போராட்டம் எதையும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சக்கர நாற்காலி ஏறக்கூடிய சாய்தளம் உள்ள நம் சங்க அறையில் அவர்கள் கூடிக்கொள்ளலாமா என்று மட்டுமே கேட்டார்.

கோவையில் ஒரு மின்னஞ்சல் வந்ததற்கான காரணம் வாஷிங்டனில் இருந்தது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அமெரிக்க அதிபர் டிரம்ப், அன்றைக்கே அந்நாட்டு மத்திய அரசு அலுவலகங்களின் பன்முகத்தன்மைத் திட்டங்களை, அதாவது ஒதுக்கப்பட்ட பிரிவினருக்கு வேலையில் சம இடம் கிடைக்கச் செய்யும் திட்டங்களை, முடித்துவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். மறுநாள் வந்த ஆணை, அரசோடு ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்கள் பாகுபாடின்றி ஆளெடுக்க முனைந்து செயல்பட வேண்டும் என்று 1965இல் அதிபர் ஜான்சன் பிறப்பித்திருந்த 11246ஆம் ஆணையையே நீக்கியது. இதற்கான காற்று முன்பே வீசத் தொடங்கியிருந்தது. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு எதிராக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. வால்மார்ட் 2024 நவம்பரிலும் மெட்டா 2025 ஜனவரியிலும் தம் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டன. எல்லோரும் அப்படிப் பணிந்துவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இத்திட்டங்களின் அபாயத்தை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்று காஸ்ட்கோ என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தில் வந்த முன்மொழிவை, அதன் பங்குதாரர்கள் அதே ஜனவரியில் 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் நிராகரித்தார்கள்.

இந்த வட்டங்களின் தொடக்கத்தை நம் உறுப்பினர்கள் அறிவது நல்லது. 1964இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இனக் கலவரம் நடந்த பிறகு, அந்நகரில் தோன்றி வளர்ந்த ஜெராக்ஸ் நிறுவனத்தில், 1970 வாக்கில் கறுப்பின ஊழியர்கள் அமைத்துக்கொண்ட குழுக்களே இவற்றுக்கு முன்னோடி. (நகலெடுக்கும் கடைக்கு நாம் வைத்திருக்கும் பெயரும் அதுதான்.) பதவி உயர்வும் நல்ல விற்பனைப் பகுதிகளும் தமக்கு ஏன் வருவதில்லை என்று ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியவர்கள் அவர்கள். பிற்காலத்தில் பல இடங்களில் அந்தக் கேள்வி போய், கேக்கும் புகைப்படமும் மிஞ்சின என்பதை நம் சகோதரியே ஒப்புக்கொண்டார். எதிர்ப்பவர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2025 மார்ச் 19 அன்று, வேலைவாய்ப்பில் சமத்துவத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆணையமும் அரசின் நீதித் துறையும் வெளியிட்ட விளக்கக் குறிப்பு, ஊழியர் வட்டங்களில் சேரும் வாய்ப்பைக் குறிப்பிட்ட இனத்தவருக்கோ பாலினத்தவருக்கோ மட்டும் என்று சுருக்குவது 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்துக்கு முரணாகலாம் என்கிறது. ஒதுக்கப்பட்டவர்களுக்காக எழுதப்பட்ட சட்டத்தையே அவர்களுடைய வட்டத்தை நோக்கித் திருப்புவது எனக்கு உவப்பாக இல்லை. ஆனாலும் ‘மட்டும்’ என்ற அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நாம் செய்தது இது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனம் தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும் என்பது அதன் கீழுள்ள விதி. வாஷிங்டனில் எந்த ஆணை வந்தாலும் கோவையில் இந்தச் சட்டம் மாறாது என்று குறிப்பிட்டு, அவருடைய ஒப்புதலோடு மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் எழுதினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. கொள்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அலுவலர் பெயரும் வந்தது. வட்டம் மட்டும் திரும்பவில்லை. நிறுவனத்தின் தயவில் கூடியதை நிறுவனமே கலைத்தது. அதைக் கேட்க நமக்குச் சட்டத்தில் இடமில்லை. நம் சங்கமோ 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகி, உறுப்பினர் சந்தாவில் நடப்பது. எந்த மேலாளரும் நான்கு வரியில் இதை மூட முடியாது என்று அன்றைய கூட்டத்தில் நான் சற்றுப் பெருமையோடு பேசினேன்.

அந்தப் பெருமை அடங்க வேண்டிய இடம் நம் பொங்கல் விழா. ஜனவரியில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் நாம் ஏற்பாடு செய்த பொங்கலுக்கு நிர்வாகம் கடைசி நேரத்தில் அனுமதியை விலக்கிக்கொண்டது. உடன் பணிபுரிவோர் சிலர் ஆட்சேபித்ததாகக் காரணம் சொன்னார்கள். நாம் கொதித்தோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருந்தால் போதும் என்று அப்போது சொன்னதால், தமிழில் பாதுகாப்பு அறிவிப்பு கேட்டு ஆண்டுக்கணக்கில் நடந்தவர்கள் நாம்; இதுவும் அதே புறக்கணிப்புதான் என்று நினைத்தோம். பிறகு மலையாளியான மூத்த தொழிற்சங்கத் தோழர் ஒருவர் நம் துண்டறிக்கையை என்னிடமே நீட்டி, “ஓணச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வந்தீர்கள் சார், பொங்கலுக்கு நாங்கள் வரக் கூடாதா?” என்று கேட்டார். ‘தமிழ் ஊழியர்களுக்கு மட்டும்’ என்று அதில் அச்சாகியிருந்தது. அந்த வாசகத்தை எழுதியவன் நானே. பொங்கல் அளவாகத்தான் இருக்கும் என்று அரிசிக் கணக்குப் பார்த்து எழுதியது என்றாலும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அதே வரிசையில் நிற்கும் தம்பிமாருக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்? அறிக்கைக் காலத்தைக் கடந்ததாயினும் சொல்லிவிடுகிறேன்: ஏப்ரல் 14 அன்று விஷுவும் சித்திரைப் பிறப்பும் ஒன்றாக வந்தபோது, அந்தச் சொல் இல்லாத அழைப்பைத் தந்தோம், அதே கேன்டீன் கிடைத்தது. அரிசியும் போதாமல் போகவில்லை.

மகளிர் பிரிவு பற்றி இனிச் சொல்ல வேண்டும். தனிக் கூட்டம் வேண்டும் என்று பெண் உறுப்பினர்கள் கேட்ட தீர்மானம், ஆண்டின் முற்பகுதியில் செயற்குழுவில் தோற்றது. சங்கமே ஒரு சிறுபான்மையினரின் சங்கம், அதற்குள் இன்னொரு பிரிவா என்று சொல்லி எதிர்த்து வாக்களித்தவர்களில் நானும் ஒருவன். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டதும் நாம்தான். அவர்கள் நம் அனுமதிக்குக் காத்திராமல் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடினார்கள். பத்து பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், பாதிக்குக் குறையாமல் பெண்களும் வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் உள்ள உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம். நம் உறுப்பினர்கள் வேலை செய்யும் இரண்டு இடங்களில் அப்படியொரு குழு பெயரளவுக்குக்கூட இல்லை என்பது அந்தத் திண்ணையில்தான் வெளிவந்தது. நம் மாதக் கூட்டங்களில் ஒருமுறைகூட அது பேசப்பட்டதில்லை.

திண்ணைக் கூட்டத்தில் பேசிய அக்கா ஒருவர், மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்ததை நினைவூட்டியதாகக் கேள்விப்பட்டேன். இருபது சதவீத போனஸ் கேட்டு நிர்வாகத்துக்கு எதிராக மட்டுமல்ல, ஆண்களே தலைமை வகித்த தொழிற்சங்கங்களுக்கும் எதிராகத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் வீதியில் அமர்ந்த ‘பொம்பிளை ஒருமை’ அது. தலைவர்களை அருகே விடாமல் ஒன்பது நாள் உட்கார்ந்து, கேட்ட போனஸைப் பெற்றுக்கொண்டே அவர்கள் எழுந்தார்கள். அவர்கள் போட்ட வட்டத்தில் ‘மட்டும்’ இருந்தது. அது இல்லாமல் அந்தப் போனஸ் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆகவே கோவை மின்னஞ்சலுக்கும் நம் பொங்கல் துண்டறிக்கைக்கும் மூணாற்றுக்கும் ஒரே விதியைப் பொருத்த முடியாது என்பது என் கருத்து. சாப்பாடு, உதவித்தொகை, பயிற்சி ஆகிய பயன்கள் யார் வந்தாலும் கிடைக்கும்படி இருக்க வேண்டும். மனக்குறையை வாய்விட்டுச் சொல்வதற்கோ, சொல்பவர் அஞ்சாத ஓர் அறை வேண்டும். செயற்குழுவில் அனைவரும் இதை ஏற்கவில்லை; மூவர் எழுத்தில் மாற்றுக் கருத்துத் தந்துள்ளனர். அதுவும் இணைப்பில் உள்ளது.

அதன்படி மூன்று தீர்மானங்கள் உங்கள் முன் உள்ளன. மாற்றுத்திறனாளி ஊழியர் வட்டம் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை சங்க அறையைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பது முதலாவது. மகளிர் பிரிவைத் தனிக் கூட்ட உரிமையோடு அமைப்பது இரண்டாவது. சென்ற முறை எதிர்த்த நானே இதை முன்மொழிகிறேன். நோக்கப் பிரிவில் உள்ள ‘தமிழ் ஊழியர்கள்’ என்பதை ‘தமிழ் ஊழியர்களும் அவர்களோடு பணிபுரிவோரும்’ என்று மாற்றுவது மூன்றாவது. இது சங்கத்தின் நோக்கத்தையே மாற்றுவதால், பத்து நாட்களுக்கு முன்பே வரைவு உங்கள் கைக்கு வந்திருக்கும். உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் இன்று ஏற்றாலும், ஒரு மாதம் கழித்துக் கூடும் இரண்டாவது கூட்டத்துக்கு வருவோரிலும் ஐந்தில் மூன்று பங்கினர் ஆதரித்தால்தான் அது நிறைவேறும். அந்தக் கூட்டத்தை, இரண்டாம் ஷிப்ட் பெண்களும் வர ஏதுவாக, ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்