ஏரியில் பாசி: பாஸ்பரஸ் அளவையும் வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரி, குளங்களைப் பச்சைப் பாசி மூடும்போதெல்லாம் நாளிதழ்களில் படம் வருகிறது. சாக்கடைதான் காரணம் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. பாசிக்குத் தீனி தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்). அவை எங்கிருந்து, எந்த வழியாக வந்து சேருகின்றன என்பதையும் எழுத வேண்டும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மின்னலும், பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களும் மாற்றித் தந்த அளவே மண்ணுக்கு வரவாக இருந்தது. 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலை காற்றின் நைட்ரஜனிலிருந்து அமோனியா தயாரிக்கத் தொடங்கிய பிறகு அந்த வரவு வெகுவாகக் கூடியது. இன்று அந்த அமோனியாவிலிருந்து செய்யும் உரம் இல்லாமல் உலகம் சாப்பிட முடியாது, அதை மறுப்பதற்கில்லை. இட்டதில் ஏறக்குறைய பாதி பயிருக்குப் போகாமல் நழுவுகிறதே, அதுதான் கோளாறு.

நெல் வயலையே பாருங்கள். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து. தேங்கி நிற்கும் நீரில் அதை வீசினால், நீரிலுள்ள பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நடுப்பகலில் நீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 9-ஐத் தாண்டிக் காரமாகிறது, அமோனியா வாயுவாகிப் பறக்கிறது. நீரை வடித்து, சேற்றில் இட்டுக் கலந்துவிட்டு, பிறகு நீர் கட்டினால் இழப்பு வெகுவாகக் குறையும். புன்செய்யில் 5 செ.மீ. ஆழத்தில் மூட வேண்டும், இல்லையென்றால் உடனே நீர் பாய்ச்ச வேண்டும். மொத்தமாகக் கொட்டாமல் தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் பிரித்து இட வேண்டும். கனமழைக்கு முன் இடவே கூடாது. நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் இறங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 50 மி.கி. நைட்ரேட்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

மணிச்சத்தின் குணம் வேறு. அது காற்றில் கலப்பதில்லை. பாறையிலிருந்து வெட்டி எடுத்தது, மண் துகளில் ஒட்டிக்கொள்கிறது. மேல்மண் அரித்துப் போனால் அதுவும் போகிறது. அதனால் அடியுரமாக வேருக்கு அருகே வைப்பதும், வரப்பைக் காப்பதும், ஓடைக்கரையில் புல் வளர்ப்பதும் ஒரே வேலைதான்.

ஒரு கிராம் பாஸ்பரஸ் நீரில் கரைந்தால் சுமார் 100 கிராம் உலர் பாசி வளரும். அது அழுகும்போது ஏறத்தாழ 140 கிராம் ஆக்சிஜனைக் குடிக்கும். 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 17,000 லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அவ்வளவுதான். மீன் செத்து மிதப்பது இதனால்தான்.

நாம் உண்ட சத்தில் பெரும்பங்கு சிறுநீரில் வெளியேறி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சாதாரண நிலையங்கள் கரிமக் கழிவைக் குறைக்கவே அமைக்கப்பட்டவை; பி.ஓ.டி. அளவு (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) தேறினாலும் பாஸ்பரஸில் பெரும்பகுதி அப்படியே ஏரிக்கு வந்துவிடும். படிகாரம் அல்லது இரும்பு உப்பு சேர்த்துப் படிய வைக்கலாம். மெக்னீசியம் சேர்த்து ஸ்ட்ரூவைட் என்னும் பாஸ்பேட் படிகமாகப் பிரித்தால் அதுவே வயலுக்கு உரம்.

எனவே சுத்திகரித்த நீரின் தரம் பற்றிச் செய்தி வெளியிடும்போது, பி.ஓ.டி.யோடு மொத்த நைட்ரஜன், மொத்த பாஸ்பரஸ் அளவுகளையும் அதிகாரிகளிடம் கேட்டு அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண்வளத் துறை வாசகர்