ரெண்டாவது டிராஃப்ட் படிச்சேன் பாப்பா

பாப்பா,

மேக்னடைட்ங்கற காந்த இரும்பு ஆக்சைடு மேல சில்வர் போட்ட நேனோ துகளைப் பத்தின உன் பேப்பர், நீ அனுப்புன அந்த ரெண்டாவது டிராஃப்ட்டை முழுசா படிச்சுட்டேன். நல்லா வந்திருக்கு. முதல்ல எழுதினதை விட இது எவ்வளவோ தெளிவு, அப்பாகிட்டயும் காட்டினேன், அவர் கண்ணுக்கு தலைப்புக்குக் கீழ உன் பேர் முதல்ல இருக்கறது மட்டும்தான் தெரிஞ்சுது, அதை போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுட்டார், இன்னும் அக்செப்ட்டே ஆகலங்க டெலிட் பண்ணுங்கன்னு நான் கத்துறதுக்குள்ள உன் அத்தை ஹார்ட்டு, கைதட்டல்னு வரிசையா போட்டாச்சு. இதெல்லாம் போன்லயே சொல்லியிருப்பேன். ஆனா இப்பல்லாம் போனை எடுத்தா "ம்", "சரிம்மா", "லேப்ல இருக்கேன்", இதைத் தாண்டி நீ வாய் திறக்கறதில்ல, தம்பிகிட்டயும் பேசலியாம். அதான் டைப் பண்றேன். நீளமா போகும்னு எனக்கே தெரியுது, பொறுமையா படி.

முதல்ல உன் கை. வீடியோ கால்ல முடியை ஒதுக்கினப்ப ஆள்காட்டி விரல் நுனியில கருப்பா ஒரு கறை இருந்துச்சு, கேட்டா பேனா மைங்கற. யார்கிட்ட சொல்ற? சில்வர் நைட்ரேட் படும்போது ஒண்ணும் தெரியாது, வெளிச்சம் பட்டு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கறுக்கும், எந்த சோப்பு போட்டாலும் போகாது, தோல் உரிஞ்சாத்தான் உண்டு. அப்ப க்ளவுஸ் போடாம பாட்டிலைத் தொட்டிருக்க. ராத்திரி ஒத்தையா வேலை பாக்கறப்ப இந்த மாதிரி சோம்பேறித்தனம் வரும். கறை பரவால்ல, போயிடும். எனக்கு பயம் காஞ்ச பவுடர்தான். தண்ணியில கலந்திருக்கற வரைக்கும் துகள் சுலபத்துல உன் மூக்குக்கு வராது, ட்ரை பண்ணி மார்ட்டர்ல அரைச்சு எடை போடறப்பதான் பறக்கும், அதை காத்தை வெளிய இழுக்கற ஃப்யூம் ஹூட்ல வெச்சு செய், சும்மா துணி மாதிரி இருக்கற மாஸ்க் உதவாது, என்95 போடு. அப்புறம் போரோஹைட்ரைடு கரைசலை இறுக்கி மூடி வைக்காத, ஹைட்ரஜன் வந்துக்கிட்டே இருக்கும், பாட்டில் வெடிக்கும். தெரியும்னு சொல்லுவ. தெரிஞ்சவங்கதான் இதையெல்லாம் பண்ணிக்கறாங்க.

மேக்னடைட் பண்ணின பகுதியை ரெண்டு தடவை படிச்சேன், சும்மா சொல்லக்கூடாது, பெருமையாத்தான் இருந்துச்சு. இரும்பு உப்புல ஃபெரஸ் ஒரு பங்கு, ஃபெரிக் ரெண்டு பங்கு, நைட்ரஜன் ஓட விட்டு அமோனியாவை விட்டதும் குப்புனு கருப்பாகற அந்த நிமிஷத்தை எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்காது. மேக்னடிக் ஸ்டிரர் போட்டா பண்ணின சரக்கெல்லாம் பெல்லட்லயே போய் ஒட்டிக்கும்னு யோசிச்சு மேலிருந்து சுத்துற ஸ்டிரர் மாத்தியிருக்க பாரு, அது யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க, நீயா கண்டுபிடிச்சது. ஆனா எக்ஸ்ரே விட்டு படிக அமைப்பைப் பாக்கற எக்ஸ்ஆர்டியை மட்டும் வெச்சுக்கிட்டு மேக்னடைட்தான்னு அடிச்சு எழுதிட்ட. மேக்ஹெமைட்ங்கற இன்னொரு இரும்பு ஆக்சைடும் கிட்டத்தட்ட அதே இடத்துலதான் பீக் குடுக்கும், காத்து பட்டா மேக்னடைட் மெதுவா அதுவா மாறவும் செய்யும், ரிவ்யூவர் முதல் கேள்வியே அதுதான் கேப்பாரு. ரெண்டையும் பிரிச்சுக் காட்ட மாஸ்பவர் டெஸ்ட் கிடைச்சா நல்லது, கிடைக்கலேன்னா லேசர் விட்டுப் பாக்கற ராமன் டெஸ்ட் போடு, லேசர் பவரை மட்டும் குறைச்சு வை, இல்லேன்னா லேசர் சூட்டுலயே அது ஹெமடைட் ஆகிடும், அப்புறம் நீ பண்ணாத பொருளை பண்ணினேன்னு எழுதுவ. சில்வர் துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம சிட்ரேட் வெச்சு நிறுத்தறதை என்னமோ புதுசு மாதிரி எழுதியிருக்க, 1889லயே கேரி லீ அதைப் பண்ணிட்டார் பாப்பா, அப்ப நேனோங்கற பேரே கிடையாது. அந்த வரியை எடுத்துடு.

உன் துகள் கேட்டலிஸ்ட்டா, அதாவது ரியாக்ஷனை வேகமாக்கற பொருளா, வேலை செய்யுதான்னு பாத்த நைட்ரோஃபீனால் வேலையும் பிடிச்சிருக்கு. போரோஹைட்ரைடு போட்டதும் வெளிர் மஞ்சள் பளிச்சுனு மஞ்சளாகும், வெளிச்சத்தை உறிஞ்சற பீக் 400 நேனோமீட்டர்ல நிக்கும், கேட்டலிஸ்ட் இல்லேன்னா அது அசையாம அப்படியே நிக்கும், துளி கேட்டலிஸ்ட் விட்டா க்யூவெட் குப்பிக்குள்ள மஞ்சள் வடிஞ்சுக்கிட்டே போகும், 300 கிட்ட அமினோஃபீனால் பீக் எழும்பும். எல்லாரும் இதைப் பண்றாங்க. ஆனா சில்வரோட சொந்த பீக்கும் அதே 400 பக்கத்துலதான் வரும்ங்கறதை பாதிப் பேர் மறந்துடறாங்க, கடைசியில அப்சார்பன்ஸ் பூஜ்யத்துக்கு வரலேன்னு முழிப்பாங்க. நீ கேட்டலிஸ்ட்டை மட்டும் தனியா போட்டு ரீடிங் எடுத்து அதைக் கழிச்சிருக்க. உங்க லேப்ல வேற யாராவது இதைப் பண்ணுவாங்களான்னு தெரியல. ஆரம்பத்துல ரியாக்ஷன் கொஞ்ச நேரம் தூங்குதே, அந்த இண்டக்ஷன் டைமையும் மறைக்காம போட்டிருக்க, அதை வெட்டிட்டு கோட்டை நேரா வரைஞ்சிருக்கலாம், நீ வரையல. தாராசங்கர் பாலோட குழு 2002ல சில்வர் வெச்சு நைட்ரோ காம்பவுண்டு ரெடியூஸ் பண்ணின பேப்பரை மட்டும் சேத்துக்கோ.

சாப்பாடு, தூக்கம் பத்தி கேட்டா கோவம் வரும், கேக்கல.

நான் இன்ஸ்ட்ருமென்ட் ரூம்ல உக்காந்திருந்த காலத்துல, வெளிச்சம் சிதறறதை வெச்சு துகள் அளவு சொல்ற டிஎல்எஸ் ரிப்போர்ட்டை கையில வாங்கின உடனே மூஞ்சி சுருங்கற பிள்ளைங்களைத்தான் அதிகம் பாத்திருக்கேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், அதான் டெம், அதுல 15 நேனோமீட்டர், டிஎல்எஸ்ல 180. மேடம் மெஷின் சரியில்லையா, மேடம் இன்னொரு தடவை போடுங்க, மேடம் நம்பர் டிஸ்ட்ரிபியூஷன்ல எடுத்துக் குடுங்க, அதுல சின்னதா வரும். மெஷின் சரியாத்தான் இருக்கும். டெம் பாக்கறது காஞ்சு போன உலோகத்தை, டிஎல்எஸ் பாக்கறது தண்ணிக்குள்ள சிட்ரேட்டையும் தண்ணியையும் போத்திக்கிட்டு அலையற துகளோட நடமாட்டத்தை. அதுலயும் சின்னத் துகள் சிதறடிக்கற வெளிச்சம் விட்டத்தோட 6ஆம் அடுக்குல ஏறும், அதாவது 10 மடங்கு பெருசா ஒரே ஒரு கட்டி இருந்தா 10 லட்சம் சின்னதுங்க சேந்து அடிக்கற வெளிச்சத்தை அது ஒண்ணே அடிச்சுடும். ரெண்டு நம்பரும் நிஜம்தான், ரெண்டையும் போட்டு பக்கத்துல ஏன்னு எழுதுங்கடான்னு சொல்லுவேன், பாதிப் பேர் சின்ன நம்பரை மட்டும் எடுத்துட்டுப் போயிடுவாங்க.

ஒருத்தன் வந்தான், உன்னை மாதிரியே இரும்பு மேல சில்வர் பண்றவன்தான். எக்ஸ்ஆர்டில 38 டிகிரி சில்வர் பீக் ஜம்முனு இருக்கு, 32 டிகிரி கிட்ட குட்டியா ஒண்ணு முளைச்சிருக்கு. மேடம் ஸ்மூத் பண்ணினா போயிடுமான்னு கேட்டான். சில்வர் குளோரைடுடா அது, ஃபெரிக் குளோரைடுலேர்ந்து வந்த குளோரைடை நீ சரியா கழுவல, சில்வர் போட்டதும் புடிச்சுக்கிச்சுன்னு சொன்னேன். முறைச்சுட்டுப் போனான். கொஞ்ச நாள் கழிச்சு வந்து, நல்லா கழுவிட்டுப் பண்ணினேன் மேடம், ரியாக்ஷன் வேகம் கூட ஏறிடுச்சுன்னு பல்லைக் காட்டினான். இதை உனக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பேன். பெரியப்பா விஷயமும் உனக்குத் தெரியும், அந்த ரிஜிஸ்டர்ல ஒரே ஒரு பக்கம்தானே, அதைப் பத்தி இப்ப பேச வேணாம்.

க்ளவுஸ் நைட்ரைல் வாங்கு. கிழிஞ்சா உடனே மாத்து.

சரி, எவ்வளவு நேரம் சுத்தி வளைக்கறது. நீ அனுப்பின முதல் டிராஃப்ட்டும் என்கிட்ட இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுத்தான் படிச்சேன், தப்புத் தேட இல்ல, நீ எவ்வளவு திருத்தியிருக்கன்னு பாக்கலாம்னு. முதல் டிராஃப்ட்ல பாக்டீரியாவை எது எவ்வளவு கொல்லுதுன்னு காட்டற ஆறாவது படத்துல அஞ்சு பார் இருந்துச்சு, வெறும் பாக்டீரியா, மேக்னடைட் மட்டும், சில்வர் போட்ட மேக்னடைட், சில்வர் நைட்ரேட், கடைசியா காந்தத்தை வெச்சு துகளை எல்லாம் இழுத்துட்டு மேல நின்ன தெளிந்த தண்ணி. அந்தத் தண்ணி மட்டுமே துகள் கொன்ன அளவுக்கு கிட்டத்தட்ட கொன்னிருந்துச்சு. இப்ப நாலு பார்தான் இருக்கு. கீழ விளக்கத்துல மட்டும் இன்னும் ஏ டு இ-ன்னே கிடக்கு, இ எங்கன்னு தேடிப் பாத்தேன். சப்ளிமென்டரிலயும் இல்ல.

நீயா எடுத்தியா, எடுக்கச் சொன்னாங்களான்னு நான் கேக்கல. சப்மிட் பண்ற தேதி நெருங்கினா லேப்ல என்ன பேச்சு பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும், இதைப் போட்டா "துகள் செய்யல, சும்மா தண்ணியில கரைஞ்ச சில்வர் அயனிதான் செய்யுது, இதுல என்ன நேனோ இருக்கு"ன்னு ரிவ்யூவர் கேப்பாருன்னு சொல்லியிருப்பாங்க. கேக்கட்டுமே! 2012ல ரைஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க சில்வர் துகளை ஆக்சிஜன் இல்லாத இடத்துல வெச்சு ஈகோலை பாக்டீரியா மேல போட்டுப் பாத்தாங்க, ஆக்சிஜன் இல்லேன்னா சில்வர் ஆக்சிடைஸ் ஆகாது, அயனி கழராது, துகளும் கொல்லல. அயனிதான் கொல்லுதுன்னு அவங்க எழுதினதை ஊரே எடுத்துக் காட்டுது. நீ அதே விஷயத்தை உன் பொருள்ல பாத்திருக்க, அதை வெச்சுக்கிட்டு, சில்வரை மெதுவா கசிய விடற, காந்தத்தால திரும்ப எடுத்துக்கக்கூடிய ஒரு சாமான்னு எழுதலாம். உன் பேப்பர்ல எனக்குப் பிடிச்சதே அந்தப் பார்தான்டி. மத்த நாலும் நூறு பேப்பர்ல இருக்கு. நான் படிப்பை பாதியில விட்டவதான், ஆனா கிராஃப் பாத்தே வயசானவ, இதுல என்னை நம்பு.

அப்புறம் நியாயமா ஒரு சந்தேகம் அதுல இருக்கு, அதையும் சொல்றேன். மேல நின்ன தண்ணியில அயனிதான் இருந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவ? மேக்னடைட்லேர்ந்து உரிஞ்ச குட்டி சில்வர் துகளை காந்தம் இழுக்காதே, அதுவும் மேலதான் நிக்கும். முதல்ல அந்தத் தண்ணி எந்த வெளிச்சத்தை உறிஞ்சுதுன்னு யூவி மெஷின்ல போட்டுப் பாரு, 400ல மேடு இருந்தா துகள் இருக்கு. மேடு இல்லேன்னாலும் அதோட விட்டுடாத, ரொம்பக் கொஞ்சமா இருந்தா தெரியாது. சிரிஞ்சு ஃபில்டர் போட்டு ஏமாறாத, 0.2 மைக்ரான் ஓட்டைங்கறது 200 நேனோமீட்டர், உன் துகளெல்லாம் அதுல ஊர்வலமே போகும். அதை விட ரொம்பப் பொடி ஓட்டை இருக்கற 3 கிலோடால்டன் சென்ட்ரிஃப்யூஜ் ஃபில்டர்ல இறக்கி, இறங்கின தண்ணியை பாக்டீரியா மேல போடு. ஃபில்டரே கொஞ்சம் சில்வரைப் புடிச்சு வெச்சுக்கும், அதனால தெரிஞ்ச அளவு சில்வர் நைட்ரேட்டை அதே ஃபில்டர்ல விட்டு எவ்வளவு திரும்ப வருதுன்னும் பாத்துக்கோ. கலங்கலை அளக்கற ஓடி 600 வெச்சு பாக்டீரியா கணக்குப் போடாத, துகளே வெளிச்சத்தைச் சிதறடிக்கும், காலனி எண்ணு. பாக்டீரியா வளக்கற மீடியத்துல உப்பு அதிகம் இருந்தா அயனியை குளோரைடு புடிச்சுக்கும், அதையும் குறிச்சு வை. இது முடியற வரைக்கும் சப்மிட் பண்ற தேதி தள்ளிப் போனா போகட்டும், அப்பாகிட்ட நான் பேசிக்கறேன், குரூப்ல போட்டதுக்கு அவரே பதில் சொல்லட்டும்.

சில்வர் எவ்வளவு இருக்குன்னு அளக்கற ஐசிபி-எம்எஸ்-க்கு சாம்பிள் அனுப்பறதா இருந்தா நைட்ரிக் ஆசிட் 2 சதவீதம் சேத்து வை. ஹைட்ரோகுளோரிக் கைல தொடாத, உள்ள இருக்கற சில்வர் எல்லாம் குளோரைடா அடியில இறங்கிடும், ரிசல்ட்ல ஒண்ணுமே இல்லேன்னு வரும்.

அம்மா