டியூபைக் கழற்றும் முன்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய உன் சைக்கிள் டியூப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டை. முள் குத்தினால் ஒன்றுதான் விழும், அம்மாடி. இது பாம்புக்கடி. கல்லில் வேகமாக மோதும்போது டயர் நசுங்கி ரிம்மின் விளிம்புவரை போய்விடுகிறது. நடுவில் மாட்டிய டியூப் கடிபடுகிறது. அதுவும் ஒரே நாளில் இரண்டு முறை, மலைப்பாதையில், தன்னந்தனியாக. கடைசி ஐந்து கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்ததாக நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

"டியூப்லெஸ்ஸுக்கு மாறட்டுமாப்பா?" என்று கேட்டாய். மாறு. யாரிடமும் கொடுக்காமல் நீயே மாற்று. ராத்திரி காற்று இறங்கிப் போனால் எங்கே தேடுவது என்பது, கையால் ஒருமுறை செய்தவளுக்குத்தான் தெரியும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். சக்கரத்தைக் கழற்றிப் போட்டு உட்காரும்போது இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

டியூபை எடுத்துவிட்டால் எடை குறையும் என்பார்கள். அந்தக் கணக்கை விட்டுவிடு. உள்ளே ஊற்றும் சீலண்ட் திரவத்துக்கும் எடை உண்டு. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. டியூப் இருக்கும்வரை பாம்புக்கடிக்குப் பயந்து காற்றை இறுக்கமாக அடித்து வைக்கிறாய். இறுகிய டயர் கல்லிலும் வேரிலும் பந்து மாதிரி எகிறுகிறது, பிடிமானம் போய்விடுகிறது. டியூப் இல்லையென்றால் காற்றைக் குறைத்து ஓட்டலாம். டயர் கல்லின்மேல் எகிறாமல் அதைத் தழுவிக்கொண்டு ஏறி இறங்கும். முள் குத்தினாலும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் திரவம் ஓட்டையை நோக்கி ஓடி வந்து அங்கேயே உறைந்து அடைத்துவிடும். பல நேரம் குத்தியதே உனக்குத் தெரியாது.

முதலில் ரிம்மையும் டயரையும் பார். இரண்டிலும் 'டியூப்லெஸ் ரெடி' அல்லது 'டி.எல்.ஆர்.' என்று அச்சடித்திருக்க வேண்டும். அந்த மாதிரி ரிம்மின் உட்புறத்தில், டயரின் ஓரம் உட்காரும் படிக்கட்டுக்கு உள்பக்கமாக ஒரு சின்ன மேடு ஓடும். விரலை வைத்துத் தடவினால் தெரியும். காற்று குறைந்திருக்கும்போதும் டயரின் ஓரத்தை நழுவவிடாமல் பிடித்திருப்பது அந்த மேடுதான். அது இல்லாத பழைய ரிம்மிலும் டேப் ஒட்டிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வளைவில் சாயும்போது ஓரம் ஒரு நொடி விலகி, குபுக்கென்று காற்று முழுக்கப் போய்விடும். உன் ரிம்மில் அந்த எழுத்து இல்லையென்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குச் சொல்.

1999இல் மாவிக் நிறுவனம் ஹட்சின்சன், மிச்சலின் டயர்க்காரர்களோடு சேர்ந்து முதன்முதலில் மலைச்சைக்கிளுக்கு டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தபோது, அதற்கென்றே தனி ரிம், தனி டயர் வேண்டியிருந்தது. ரிம்மின் உள்சுவரில் ஸ்போக்குக்கான ஓட்டையே இருக்காது. நம் ரிம்முக்கு அந்த வசதி கிடையாது. ஸ்போக் எத்தனையோ அத்தனை ஓட்டை. அத்தனையையும் ஒரு மெல்லிய டேப் மூடி நிற்கிறது. உன் மொத்தக் காற்றும் அந்த டேப்பை நம்பித்தான் இருக்கப்போகிறது. நான் இங்கே அதிக நேரம் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

நான் முதன்முதலில் மாற்றியபோது டேப்பைப் பத்து நிமிடத்தில் ஒட்டி முடித்தேன். செயின் துடைத்த துணியாலேயே ரிம்மையும் துடைத்தேன். அன்று ராத்திரி காற்று நின்றது, மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் ஸ்போக் தலைகளின் ஓரத்தில் பால் சொட்டு மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கசிந்திருந்தது. சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டு போனேன். சரிவில் பாதி இறங்கும்போது பின்சக்கரம் படுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து டேப்பை உரித்துப் பார்த்தேன். டேப்புக்கு அடியில் திரவம் ஓடி, ஒட்டியிருந்த பசை முழுக்கக் குழைந்து கிடந்தது. ஓரிடத்தில் என் கட்டைவிரல் ரேகை கிரீஸில் அப்படியே பதிந்திருந்தது. கசிவு தொடங்கிய இடம் அதுதான். அந்த ரேகை இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகையால் பழைய ரிம் பட்டையை எடுத்துவிட்டு, புதுத் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு உள்பக்கம் முழுக்கத் துடை. துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடை. பிறகு உலரவிடு. அதற்கப்புறம் விரல் உள்ளே படக்கூடாது. டேப் ரிம்மின் உள் அகலத்தைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். 30 மி.மீ. ரிம் என்றால் 32லிருந்து 34 மி.மீ. வரை சரியாக வரும். நடுவில் பள்ளம் இருப்பதால் அந்த உபரி தேவைப்படும். டயரின் ஓரம் உட்காரும் இரண்டு பக்கத்தையும் டேப் மூட வேண்டும், ஆனால் பக்கச் சுவரில் ஏறக்கூடாது.

வால்வு ஓட்டையில் தொடங்காதே. அதற்கு ஒரு சாண் முன்னால் தொடங்கு. சக்கரத்தை மடியில் சாய்த்து, டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகப் படியவை. இழுவை முக்கியம். இழுக்காமல் ஒட்டினால் நடுப்பள்ளத்தில் படியாமல் பாலம் மாதிரி நின்றுவிடும்; காற்று ஏறியதும் அந்த இடம் கிழியும். ஒரு சுற்று முடிந்து, வால்வு ஓட்டையையும் தாண்டி ஒரு சாண் மேலேறியதும் வெட்டு. டேப் மெல்லியதாக இருந்தால் இரண்டு சுற்று. பிறகு துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு பள்ளத்தின் அடியிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் அழுத்தித் தேய். குமிழி தெரிந்தால் ஓரத்துக்குத் தள்ளிவிடு. சுருக்கம் விழுந்திருந்தால் தயங்காமல் உரித்துப் போட்டுவிட்டுப் புது டேப்பில் மறுபடி ஆரம்பி. எனக்கு இன்றும் ஒரு சக்கரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

வால்வு ஓட்டையைப் பிளேடால் கீறாதே; கீறலின் முனையிலிருந்து கிழிசல் ஓடும். ஓர் ஆணியின் முனையைச் சூடாக்கி, வெளிப்பக்கத்திலிருந்து ஓட்டை வழியாக மெதுவாக விடு. டேப் உருகி வட்டமாக வழிவிடும். கையில் துணி சுற்றிக்கொள்.

இப்போது நல்ல டியூப் ஒன்றைப் போட்டு, டயரை மாட்டி, 30 பி.எஸ்.ஐ. அடித்து ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடு. அந்த அழுத்தத்தில் டேப் நன்றாகப் படிந்துகொள்ளும். காலையில் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி டியூபை உருவு. மறுபக்கம் ரிம்மைப் பிடித்தபடியே இருக்கும். உனக்குப் பாதி வேலை மிச்சம். இரும்பு நெம்பு வேண்டாம், டேப்பைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக் போதும், கையாலேயே வந்தால் இன்னும் நல்லது.

டியூப்லெஸ் வால்வை உள்ளிருந்து செருகி, அடிரப்பர் டேப்போடு ஒட்டி உட்காரும்படி அழுத்திப் பிடித்து, வெளியே நட்டை விரலால் முறுக்கு. குறடு தொடக்கூடாது. என்றாவது பாதையில் அதை நீ வெறும் விரலால் கழற்ற வேண்டிவரும். பிறகு டயரின் மறுபக்கத்தை மாட்டு. வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் வந்து முடி. வால்வின் அடிரப்பர் நடுப்பள்ளத்தை அடைத்திருப்பதால் அந்த இடத்தில் டயர் பள்ளத்துக்குள் இறங்காது. மற்ற இடங்களில் ஓரத்தைப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசித் துண்டுக்குத் தேவையான தளர்வு கிடைத்துவிடும்.

திரவம் ஊற்றாமல் முதலில் வெறும் காற்றில் உட்காரவைத்துப் பார். டயரின் ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவு. வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்னத் துண்டான கோரைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரஸரோ, காற்றைச் சேமித்து ஒரே மூச்சில் விடும் பம்போ வைத்து அடி. கோர் இல்லாவிட்டால் காற்று மளமளவென்று போகும். டயர் வெளியே தள்ளிக்கொண்டு வந்து 'டப், டப்' என்று சத்தம் போடும். பயப்படாதே, ஓரம் படிக்கட்டில் ஏறி உட்காரும் சத்தம் அது. டயரின் பக்கத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு அந்தக் கோட்டைப் பார். சுற்றிலும் ஒரே அளவில் தெரிந்தால் உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை விட்டுவிட்டு அங்கே சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடி. ரிம்மிலும் டயரிலும் அச்சடித்திருக்கும் உச்ச அழுத்தங்களில் எது குறைவோ, அதைத் தாண்டவே கூடாது.

இரண்டு குறுக்குவழிகளை உனக்கு யாராவது காட்டுவார்கள். ஒன்று, எரியும் வாயுவை உள்ளே அடித்து நெருப்பு வைத்து டயரை உட்காரவைப்பது. இன்னொன்று, பிளாஸ்டிக் பாட்டிலில் காற்றை அடைத்துப் பயன்படுத்துவது. இரண்டையும் செய்ய மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு. பாட்டில் வெடித்தால் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

டயர் நன்றாக உட்கார்ந்ததும் காற்றை விட்டுவிடு, ஓரம் அப்படியே இருக்கும். சீலண்ட் பாட்டிலை நன்றாகக் குலுக்கு. அடைக்கும் துகள்கள் அடியில் தங்கியிருக்கும். உன் 29 அங்குலச் சக்கரத்துக்கு, 2.4 டயருக்கு, 100லிருந்து 120 மில்லி வரை வால்வு வழியாக ஊற்று. அதற்கு முன் டிஸ்க் பிரேக் தட்டைத் துணியால் மூடிக்கொள். அதில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. கோரைத் திருப்பி மாட்டிக் காற்றடித்து, சக்கரத்தைக் கிடையாகப் பிடித்து எல்லாப் பக்கமும் சாய்த்து ஆட்டு. திரவம் களுக் களுக்கென்று ஓடுவது காதில் விழும். ஓரத்திலும் டயரின் பக்கச்சுவரிலும் சின்னச் சின்ன நுரை வரும். அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு வாளியின் மேல் கிடத்திவை. சற்று நேரத்தில் நுரை நிற்கும். அன்றே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வா, திரவம் எல்லா இடமும் பரவட்டும். முதல் இரண்டொரு நாள் காற்று கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

காற்று எவ்வளவு என்று கேட்பாய். உன் எடைக்கு முன்னால் 21, பின்னால் 24 பி.எஸ்.ஐ.யில் தொடங்கு. ஒவ்வொன்றாகக் கூட்டியோ குறைத்தோ பார். ரிம் கல்லில் இடிக்கும் 'டங்' சத்தம் கேட்டாலோ, வளைவில் டயர் நெளிவது தெரிந்தாலோ கூட்டு.

பையில் டயர் ஓட்டையில் செருகும் ரப்பர்த் திரிகள், பம்ப், ஒரு டியூப் எப்போதும் இருக்கட்டும். பெரிய கிழிசலைத் திரவம் அடைக்காது. அப்போது திரியைச் செருகிப் பார். அதுவும் நிற்காவிட்டால் டியூபைப் போட வேண்டியதுதான். ஆனால் போடுமுன் ஒன்று செய்ய வேண்டும், இதை மறந்துவிடாதே. டயரின் உள்பக்கத்தைத் துணியால் மெதுவாகத் தடவு. இத்தனை நாள் குத்தி, திரவம் அடைத்து, உனக்கே தெரியாமல் இருந்த முட்களெல்லாம் உள்ளே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிடுங்காமல் டியூப் போட்டால் பத்து மீட்டர் போகமாட்டாய்.

திரவம் உலரும். சூட்டில் இன்னும் சீக்கிரம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்; ஓடும் சத்தம் கேட்காவிட்டால் கொஞ்சம் ஊற்று. நான் ரிம்மில் ஒரு துண்டுக் காகிதப் பட்டை ஒட்டி, ஊற்றிய தேதியை எழுதிவைத்திருக்கிறேன். காற்றைச் சரிபார்க்கும்போது வால்வை மேலே கொண்டுவந்துவிட்டுத் திற. கீழே இருந்தால் திரவம் வந்து கோரை அடைத்துவிடும்.

முன்சக்கரத்தில் ஆரம்பி. செயின், பல்சக்கரம் என்று எதுவும் இல்லாததால் கை சுத்தமாக இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் டேப் ஒட்டினால், ஞாயிறு காலை டியூபை உருவலாம். அப்போது போனைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடு. அந்த 'டப்' சத்தத்தை நானும் கேட்க வேண்டும்.

பாம்புக்கடி வாங்கிய இரண்டு டியூபையும் தூக்கிப் போட்டுவிடாதே. ஒட்டுப் போட்டு வை. ஒன்று பையில் இருக்கட்டும், இன்னொன்று பின்சக்கரத்து டேப்பை அழுத்த வேண்டும்.

அன்புடன்,
அப்பா