கயித்துல பேசுற பாஷை

மாப்ள,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோவத்துல இருப்ப. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்புறம்தான் நிம்மதியாச்சு, கொஞ்ச நாளைக்கு அடுப்படி பக்கம் விடாதடா, சொன்னா கேக்க மாட்டாங்க, தெரியும், இருந்தாலும் நீ சொல்லிக்கிட்டே இரு. பாப்பா பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மொத போன் எனக்குத்தான் வரணும்.

கிளைடர்னு எஞ்சினே இல்லாத பிளேன்ல என்னத்தடா ஓட்டுறன்னு கேட்டிருந்தல்ல? உனக்கு சுலபமா புரியும். வாடிப்பட்டி கிட்ட உங்கப்பா அம்பாசிடர் படுத்துருச்சு, லாரிக்குப் பின்னாடி வடத்தைக் கட்டி மதுரை வரைக்கும் இழுத்துட்டு வந்தோமே, ஞாபகம் இருக்கா? நீ ஸ்டீரிங்ல, நான் ஜன்னலுக்கு வெளிய சிவப்புத் துண்டை வச்சுக்கிட்டு. துண்டை ஆட்டினா நிறுத்தணும்னு டிரைவர்ட்ட முன்னாடியே பேசி வச்சோம், கயிறு தொய்ஞ்சு திடீர்னு வெடுக்குன்னு இழுத்தா பம்பரே வந்துரும்னு அவரு பயமுறுத்துனாரு. அதேதான் இங்கயும். முன்னாடி நம்மள இழுக்க எஞ்சின் வச்ச சின்ன பிளேன், அதுக்கு டோ பிளேன்னு பேரு, எங்க கிளப்ல இருக்குறது பானிங்கிற மாடல், அது வயலுக்கு மருந்தடிக்கன்னு செஞ்ச பிளேன். பின்னாடி 200 அடி கயித்துல நாங்க. தரையில இல்லாம 60 நாட், அதாவது மணிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்துல ஆகாசத்துல போறோம், அது ஒண்ணுதான் வித்தியாசம்.

இப்ப நடந்ததைச் சொல்றேன். போன மாசம் ஒரு சனிக்கிழமை, நான் முன்சீட்டு, இன்ஸ்ட்ரக்டர் பின்சீட்டு. கிளம்பி 500 அடி வந்திருப்போம், முன்னாடி டோ பிளேனோட வால் இடதும் வலதுமா ஆட ஆரம்பிச்சுது. நாய் வால ஆட்டுமே அந்த மாதிரி. எனக்கு மனசுல ஓடுனது ஒண்ணே ஒண்ணுதான், ஐயோ டோ பிளேன் பைலட்டுக்கு ஏதோ பிரச்சனை, நம்மள கழட்டிக்கச் சொல்றாரு. கை தானா மஞ்சக் குமிழுக்குப் போயிருச்சு, அதை இழுத்தா கயிறு கழண்டுரும். பின்னாடி இருந்து "அதைத் தொடாத, ஏர்பிரேக்கைப் பாரு!"ன்னு ஒரு சத்தம். குனிஞ்சு பாத்தா நீல கைப்பிடி பின்னாடி நகர்ந்து வந்திருக்கு மாப்ள. ரெண்டு இறக்கை மேலயும் ஏர்பிரேக் பலகை எந்திரிச்சு நிக்குது, காத்தைத் தடுத்து பிளேனை ஏற விடாம பண்றது அதான். கிளம்புறதுக்கு முன்னாடி நான் அதை மூடுனேன், ஆனா கடைசில டக்குன்னு லாக் விழணும், அந்த நேரம் பாத்து யாரோ ஏதோ கேக்க நான் திரும்பிப் பதில் சொல்லிட்டு அப்படியே விட்டுட்டேன். லாக் விழாட்டி காத்தே அதை உறிஞ்சி வெளிய இழுத்துரும்.

முன்னாடி தள்ளி லாக் பண்ணதும் பிளேன் சட்டுன்னு மேல ஏறுச்சு. அந்தக் குமிழை இழுத்திருந்தேன்னா கயிறும் இல்லாம, பிரேக்கும் திறந்தபடி, 500 அடில என்ன பண்ணிருப்பேன்னு நினைச்சா இன்னும் வயித்தைக் கலக்குது.

வால் மட்டும் ஆடுனா ஏர்பிரேக்கைப் பாருன்னு அர்த்தம். பிளேனே ரெண்டு இறக்கையையும் மேலயும் கீழயும் ஆட்டுனாதான் உடனே கழட்டிக்கோன்னு அர்த்தம், அதுக்கு ஏன் எதுக்குன்னு கேக்காம இழுத்துரணும். பாடத்துல ரெண்டையும் நான் கரெக்டா எழுதிருக்கேன்டா. ஆனா பதட்டத்துல எதுவோ ஆடுதுங்கிறது மட்டும்தான் கண்ணுல படுது. நம்மூரு கண்டக்டர் ஒரு விசில் அடிச்சா நிறுத்து, ரெண்டு விசில்னா போ, தூக்கத்துலயும் நமக்கு அது புரியும்ல, அந்த அளவுக்கு ரத்தத்துல ஊறணும். இதுல இன்னொண்ணு, அதே இறக்கை ஆட்டத்தை பின்னாடி இருக்குற கிளைடர் பண்ணா அமெரிக்காவுல அதுக்கு இன்னும் வேகமா போங்கன்னு அர்த்தம். இடது பக்கம் நல்லா ஒதுங்கிப் போய் ஆட்டுனா என்னால கழட்ட முடியலன்னு அர்த்தம். யாரு ஆட்டுறா, எங்க நின்னு ஆட்டுறாங்கிறதுலயே அர்த்தம் மாறிருது.

ரேடியோ இல்லையான்னு கேப்ப. இருந்துச்சு, அவர் கூப்பிட்டும் இருக்காரு. காலைல யாரோ சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்காங்க, நான் செக் பண்ணல. அதனாலதான் இந்த ஆட்டுற பாஷையை இன்னும் விடாம வச்சிருக்காங்க, பேட்டரி செத்தாலும் இது வேலை செய்யும்.

இறங்குனதும் டோ பைலட்ட போய் மன்னிப்பு கேட்டேன். வயசானவரு, திட்டவே இல்ல. இறக்கை நிழல்ல உக்காந்து தண்ணி பாட்டிலை என்கிட்ட நீட்டிட்டு சொன்னாரு, "பிளேன் ஏற மாட்டேங்குதேன்னு கண்ணாடில பாத்தேன், 100 அடிலயே பலகை தெரிஞ்சிருச்சு. ஆனா மெதுவா ஏறிக்கிட்டுதான் இருந்தோம், அதான் உடனே வாலை ஆட்டல. சில பேரு தப்பா புரிஞ்சுக்கிட்டு கழட்டிருவாங்க, கொஞ்சம் உயரம் சேரட்டும்னு காத்திருந்தேன்." நான் தப்பு பண்ணுவேன்னு எனக்கும் சேத்து யோசிச்சிருக்காரு மாப்ள. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அவர் பயம் வேறயாம். பின்னாடி இருக்குறவன் கவனம் சிதறி பட்டம் மாதிரி மேல எகிறிட்டா அவரோட வாலையே கயிறு மேல தூக்கிரும், மூக்கு தரையைப் பாத்துரும். ரெண்டு மூணு செகண்ட்ல முடிஞ்சிரும், கீழ உயரம் இல்லாட்டி தப்பிக்க வழியே இல்ல. அவர்கிட்டயும் கயித்தை விடுற லீவர் இருக்கு, ஆனா கயிறு மேல் பக்கமா முறுக்கி இழுக்கும்போது சில பழைய கொக்கி சுலபத்துல விடாது. அவர் உயிரு என் கையில, என் உயிரு அவர் கையில. அன்னைலேர்ந்து அவர் வாலை விட்டு கண்ணை எடுக்கறதே இல்ல.

இப்பல்லாம் கிளம்பும்போது நீல கைப்பிடிய தொட்டு, லாக் விழுந்த சத்தம் கேட்டாத்தான் ரெடின்னு கட்டைவிரல தூக்குறேன். நடுவுல யாராச்சும் பேசுனா மொதல்லேர்ந்து திரும்ப ஆரம்பிக்கிறேன். அவர்ட்ட ஒண்ணு கேட்டு வச்சிருக்கேன், நல்ல உயரத்துல போறப்ப சொல்லாம கொள்ளாம வாலை ஆட்டுங்க, நான் என்ன பண்றேன்னு பாப்போம்னு. சரின்னுட்டாரு.

ஜூன்ல நீ வர்றது உறுதிதானே? நியூயார்க் மாநிலத்துல எல்மைராங்கிற ஊர் பக்கத்துல ஹாரிஸ் ஹில்னு ஒரு குன்று, கிளைடருக்குன்னே மியூசியம் இருக்கு, 1930ல இந்த நாட்டோட மொத தேசியப் போட்டி எல்மைராலதான் நடந்துச்சு, கூட்டிட்டுப் போறேன். வரும்போது அம்மா கையால இடிச்ச பருப்புப் பொடி கொஞ்சம் கொண்டு வா, கண்ணு சரியானப்புறம்.

உன்
மாப்ள