கோதாரியும் சூப்பியும்: வன்னித் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில், துணுக்காய், மடு, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு கல்வி வலயங்களில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் கட்டுரையில் ஊர்ப்பேச்சு எட்டிப் பார்த்தால் சிவப்பு மையால் வெட்டிவிடுகிறீர்கள். பரீட்சைக்கு எழுத்துத் தமிழ்தான் வேண்டும்; அதில் எனக்கு மறுப்பில்லை. வெட்டிய சொல் எப்படிப் பிறந்தது என்பதையும் அதே பாடவேளையில் பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"என்ன கோதாரி இது?" என்று அலுத்துக்கொள்ளாத வீடு வன்னியில் உண்டா? மழை பிந்தினாலும் கோதாரி, மாடு வேலி பாய்ந்தாலும் கோதாரி. அது வாந்திபேதிக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர். "கொள்ளையிலே போவான்" என்ற வசவில் வரும் கொள்ளையும் திருட்டன்று, கொள்ளைநோய். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் வந்திறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர்கள் வன்னிக் காட்டுப் பாதையால் மாத்தளைக்கும் அப்பால் கோப்பித் தோட்டங்களுக்கும் நடந்தே போனார்கள். வாந்திபேதியும் அம்மையும் கண்டு வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்த நோய் எவ்வளவு பெரிய அச்சமாக இருந்திருந்தால், ஒருவரைத் திட்டுவதற்கு அதன் பெயரே போதும் என்றாகியிருக்கும்! வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோவதை இந்த ஒரு வசவைக்கொண்டே பிள்ளைகளுக்கு உணர்த்தலாம்.

கதிரை, அலவாங்கு, சப்பாத்து போர்த்துக்கேயரிடமிருந்தும் கந்தோர் ஒல்லாந்தரிடமிருந்தும் வந்தன. இவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

என் கவலையெல்லாம் போர்க்காலச் சொற்களைப் பற்றியது. போரின்போது வடக்குக்கு அரசு விதித்த, 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காமல் போனது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் இயங்கத் தொடங்காது. அதற்காகச் சிறிய போத்தலொன்றில் கொஞ்சம் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியில் அதைப் பீச்சிவிட்டு உதைத்தால் எஞ்சின் உயிர்பெறும். பிறகு மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். அந்தப் போத்தலுக்குப் பெயர் சூப்பி, குழந்தைக்குப் பால் கொடுக்கும் போத்தலின் பெயர்! நெருக்கடியில் உழன்ற மக்களின் அறிவும் குறும்பும் அதில் ஒன்றாகத் தெரிகின்றன. இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சூப்பி என்றால் கைக்குழந்தைதான் நினைவுக்கு வரும்.

கிபிர் என்பது இஸ்ரேலில் செய்த போர் விமானம். எபிரேய மொழியில் சிங்கக்குட்டி என்று பொருள். 1996இல் அது இலங்கை வான்படைக்கு வந்த பின், எபிரேயம் என்றொரு மொழி இருப்பதே அறியாத பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினார்கள். ஆளில்லா வேவு விமானம் தலைக்குமேல் ஓயாமல் இரைந்ததால் அதை வண்டு என்றார்கள். இவற்றைச் சொல்லித் தரக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வகுப்புகளில் இருப்பவர்களோ பெரும்பாலும் போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்தவர்கள். வீட்டில் பேசாவிட்டால், பள்ளியிலும் பேசாவிட்டால், இச்சொற்களின் பொருளை அவர்கள் வேறு எங்கே அறிவார்கள்?

ஒவ்வொரு மாணவரும் தவணைக்கு ஒரு சொல்லையாவது அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ அயலவரிடமோ கேட்டு எழுதி வரட்டும். சொல், அது புழங்கிய ஊர், அதைச் சொன்னவரின் விளக்கம், அவர் சொன்ன விதத்திலேயே. இரண்டு பேர் இரண்டு விளக்கம் தந்தால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். சொற்பிறப்பை அவசரப்பட்டு முடிவுசெய்ய வேண்டாம். போர்க்காலச் சொற்கள் சிலருக்கு இழப்பை நினைவூட்டும். பேச விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள்.

சேர்ந்தவற்றைத் தட்டச்சுச் செய்து பாடசாலை நூலகத்தில் வையுங்கள். ஆண்டுதோறும் நடக்கும் தமிழ்மொழித் தினப் போட்டியில் ஊர்ச்சொல் சேகரிப்புக்கு ஓர் இடம் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் பெற்றோரின் கையொப்பமும் வேண்டுமானால், திரட்டித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
வன்னியிலிருந்து ஒரு பெற்றோர்